முருகைப் பாரை உண்ணும் முள்முடி மீன்

வெப்ப வலயக் கடல்களின் அடியில், மனிதக் கண்ணுக்குப் புலப்படாத மெதுவான கதியில், இடையறாது நடைபெற்றுவரும் கட்டட வேலை ஒன்று உண்டு. முருகை எனப்படும் சிற்றுயிர்கள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்புப் பொருளைப் பிரித்தெடுத்துத் தமக்கெனக் கிண்ணம் போன்ற கூடுகளை அமைக்கின்றன. தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்றாய் எழுந்த அக்கூடுகளின் தொகுதியே முருகைப் பார் ஆகும். அவுஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையோரமாக ஏறத்தாழ 2,300 கிலோமீற்றர் தூரத்துக்குப் பரந்து கிடக்கும் பெருந்தடுப்புப் பார்த்தொடர், உலகிலுள்ள முருகைப் பார்த் தொடர்கள் யாவற்றிலும் பெரியது. கடற்றரையின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கைத்தானும் இத்தகைய பார்கள் கொள்ளவில்லை. ஆயினும், கடல்வாழ் இனங்களுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இவற்றையே அண்டி வாழ்கின்றன. மீனவனுக்கு மீனையும், கரைக்கு அலையிலிருந்து காவலையும் அளிப்பன இவையே.

இத்துணைப் பெரிய கோட்டையைப் புயலும் பேரலையும் தாக்குவது இயல்பு. ஆனால் அதனை உள்ளிருந்தே உண்டு அழிக்கும் பகை ஒன்றும் உண்டு. அதுவே முள்முடி நட்சத்திர மீன். மீன் என்பது பெயரளவில் மாத்திரமே. முதுகெலும்பும் செதிளும் அதற்கு இல்லை. அது கடல் முள்ளெலிக்கும் கடலட்டைக்கும் உறவானது. சாதாரண நட்சத்திர மீனுக்கு ஐந்து புயங்கள் உள்ளன. இதற்கோ இருபதுக்கு மேலும் இருக்கக் கூடும். சாப்பாட்டுக் கோப்பையளவு குறுக்களவுடைய அதன் உடல் முழுவதையும் நச்சு முட்கள் மூடியிருக்கின்றன. அம்முட்கள் நாலைந்து சென்ரிமீற்றர் நீளமானவை. அவை காலில் ஏறினால் கடும் நோவும் வீக்கமும் வாந்தியும் உண்டாகும். 1758ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார்.

இப்பிராணி உண்ணும் முறை விந்தையானது. அது முருகைக் கல்லின்மேல் ஏறி அமர்ந்து, தன் இரைப்பையை வாயினூடாக வெளியே தள்ளி, முருகையின்மேல் போர்வைபோல் விரிக்கும். அவ்விரைப்பையிலிருந்து சுரக்கும் நீர் முருகையின் மென்தசையைக் கரைத்துக் கூழாக்குகின்றது. சில மணி நேரத்தின் பின் இரைப்பையை உள்ளிழுத்துக்கொண்டு அது அகன்றுவிடும். அது அமர்ந்திருந்த இடத்தில் உயிரற்ற வெள்ளைச் சுண்ணாம்பு மாத்திரமே எஞ்சும். வளர்ந்த மீன் ஒன்று ஓராண்டில் ஏறத்தாழப் பத்துச் சதுர மீற்றர் முருகையை இவ்வாறு உண்ணவல்லது.

எனினும், இப்பிராணியைப் பிறவிப் பகைவனெனக் கருதுதல் தவறாகும். பாரிலே அதற்கும் உரிய இடம் ஒன்று உண்டு. விரைந்து வளரும் கிளை முருகைகளையே அது பெரிதும் விரும்பி உண்கின்றது. அதனால், மெல்ல வளரும் ஏனைய முருகைகளுக்கு இடமும் ஒளியும் கிடைக்கின்றன. முருகையும் காவலின்றி இல்லை. பீற்றர் கிளின் என்னும் ஆராய்ச்சியாளர் பனாமாக் கரையோரத்தில் ஓர் அரிய காட்சியைக் கண்டார். கிளை முருகைகளின் இடுக்கில் வாழும் சிறு நண்டுகள், தம் வீட்டை உண்ணவரும் முள்முடி மீனின் முட்களையும் குழாய்க் கால்களையும் கௌவி, அதனைத் துரத்திவிடுகின்றன. ஆகவே, அங்குமிங்கும் சில மீன்கள் இருத்தலால் தீங்கில்லை. ஒரு ஹெக்டேயர்ப் பரப்பில் அவற்றின் தொகை பதினைந்தைத் தாண்டுமிடத்து, முருகை வளரும் வேகத்தை அவை உண்ணும் வேகம் விஞ்சிவிடுகின்றது. அதனையே விஞ்ஞானிகள் பெருக்கம் என்பர்.

1962ஆம் ஆண்டில், குயின்ஸ்லாந்தின் கேண்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள கிறீன் தீவில் இப்பெருக்கம் வெளிப்பட்டது. உல்லாசப் பயணிகள் கண்ணாடி அடித்தளப் படகுகளிலிருந்து பார்த்து மகிழ்ந்த வண்ண முருகைகளின்மேல், ஒன்றையொன்று நெருக்கியபடி ஆயிரக்கணக்கான முள்முடி மீன்கள் ஊர்ந்தன. அடுத்துவந்த ஆண்டுகளில் தெற்கேயுள்ள பார்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்குண்டன. பசுபிக் சமுத்திரத்திலுள்ள குவாம் தீவில், 1960களின் பிற்பகுதியில் இரண்டரை ஆண்டுகளுக்குள் 38 கிலோமீற்றர் நீளக் கரையோரத்தின் முருகைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு மடிந்தனவென 1969இல் அறிவிக்கப்பட்டது. யப்பானின் தென்தீவுகளிலும் இதே செய்தி. கிறீன் தீவில் தோன்றியது ஒருமுறை நிகழ்ந்து மறைந்த விபத்துமன்று. 1979, 1993 ஆகிய ஆண்டுகளிலும் 2010ஆம் ஆண்டளவிலும் அதே பார்த்தொடரில் புதிய பெருக்கங்கள் தொடங்கின. ஒவ்வொன்றும் கேண்ஸ் நகருக்கும் வடக்கேயுள்ள லிசாட் தீவுக்கும் இடைப்பட்ட கடலில் தொடங்கி, நீரோட்டத்தோடு தெற்கு நோக்கி அலைபோல் நகர்ந்தது.

இதற்குக் காரணம் யாது? இவ்வொரு வினாவைச் சுற்றியே அறுபது ஆண்டுக்கால ஆராய்ச்சி சுழன்றுவந்துள்ளது.

முதலில் விடை கூற முற்பட்டவருள் ஒருவர் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் என்டீன் ஆவர். முள்முடி மீனைத் துணிந்து உண்ணும் பிராணிகள் சில. அவற்றுள் முதன்மையானது எக்காளச் சங்கு எனப்படும் பெரிய கடல் நத்தை. தீவு மக்கள் ஊதுகருவியாகப் பயன்படுத்தும் இச்சங்கின் அழகே அதற்கு எமனாயிற்று. சங்கு சேகரிப்போர் அதனை வாரிச் சென்றமையால் பகைவனின்றி மீன் பெருகிற்று என்பது என்டீன் கருத்து. ஆயினும், ஒரு சங்கு வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு மீனையே உண்கின்றது. அன்றியும், அது முன்னரும் பாரிலே மிகுதியாக வாழ்ந்ததென்பதற்குப் போதிய சான்றில்லை. ஆகவே, சங்கொன்றே இக்கொள்ளையைத் தடுத்துநின்றது என்பதைப் பலர் ஏற்கவில்லை.

இரண்டாவது விடை நிலத்திலிருந்து வந்தது. பெண் மீன் ஒன்று ஒரு பருவத்தில் ஆறு கோடிக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. முட்டையிலிருந்து தோன்றும் குடம்பிகள் சில வாரங்கள் நீரில் மிதந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளை உண்டு வாழ்கின்றன. தெளிந்த கடலில் நுண்பாசி அரிது. ஆகவே குடம்பிகளுட் பெரும்பாலானவை பசியால் மடியும். கோடியில் ஒன்றிரண்டு கூடுதலாகப் பிழைத்தாலே போதும், பெருங்கூட்டம் உருவாகிவிடும். குவாம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்திய சாள்ஸ் பேக்லன்ட் 1982இல் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். மலைகளும் ஆறுகளும் உள்ள உயர்ந்த தீவுகளில், வறட்சியின்பின் பெருமழை பெய்து ஏறத்தாழ மூன்றாண்டு கழிந்ததும் முள்முடி மீன் பெருகுகின்றது. ஆறில்லாத தாழ்ந்த முருகைத் தீவுகளில் அவ்வாறு நிகழ்வது அரிது. மழைநீர் மண்ணின் சத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்ல, நுண்பாசி தழைக்கின்றது. அதனை உண்டு குடம்பி பிழைக்கின்றது. குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களிலிருந்து நைதரசன் உரமும், மேய்ச்சல் நிலங்களிலிருந்து மண்ணும் ஆறுகள் வழியாகக் கடலை அடைவதை அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் அளந்து, இக்கருத்துக்கு மேலும் வலுவூட்டினர்.

மூன்றாவது சாரார், இது இயற்கையின் ஏற்றவிறக்கமே என்றனர். பாரின் அடிமண்ணைத் துளைத்தெடுத்தபோது, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட படைகளிலும் முள்முடி மீனின் எலும்புத் துணுக்குகள் காணப்பட்டன. முன்னரும் பெருக்கங்கள் உண்டாயின என்று அவர்கள் இதனைக்கொண்டு வாதித்தனர். பழந்துணுக்குகளின் தொகையைக்கொண்டு அவ்வாறு முடிவுசெய்தல் பொருந்தாது என மற்றையோர் மறுத்தனர்.

பிற்காலத்து ஆய்வுகள் வேட்டையாடும் மீன்களின் பக்கம் மீண்டும் கவனத்தைத் திருப்பின. மீன்பிடி தடைசெய்யப்பட்ட பார்களில் முள்முடி மீன் பெருக்கம் குறைவென்பது கண்டறியப்பட்டது. பார்வாழ் மீன்களின் எச்சத்தையும் குடலையும் ஆராய்ந்து, அவற்றுள் 18 இனங்கள் முள்முடி மீனை உண்டமைக்கான மரபுச் சான்றை 2020இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். ஆகவே, சங்கைப் பற்றி என்டீன் கூறியது முழுமையான விடையன்றாயினும், வேட்டைப் பிராணிகளை அகற்றினால் இரைப்பிராணி பெருகும் என்னும் அதன் உட்பொருள் பிழையன்று. ஆறு கொணரும் உரம், அளவிறந்த மீன்பிடி, இயற்கையின் ஏற்றவிறக்கம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்பதே இன்று பொருத்தமாகத் தோன்றும் விடை.

குஞ்சுகளின் வாழ்க்கையிலும் ஓர் இரகசியம் வெளிப்பட்டுள்ளது. கடற்றரையை அடைந்த குஞ்சு உடனே முருகையை உண்பதில்லை. உடைந்த முருகைக் கற்குவியலின் இடுக்கில் ஒளிந்திருந்து, கல்லில் படரும் செம்பாசியை உண்டு அது வளர்கின்றது. இந்நிலை சில மாதங்களில் முடிந்துவிடும் என்றே முன்னர் கருதப்பட்டது. முருகை கிடைக்காதவிடத்து ஆறு ஆண்டுகளுக்கு மேலாகவும் குஞ்சு இந்நிலையில் காத்திருக்க முடியும் எனச் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் காட்டினர். பார் அழிந்து கற்குவியலானால், அக்குவியலே பகைவனின் குஞ்சுகளுக்குத் தொட்டிலாகின்றது. பார் மீண்டும் தளிர்க்கும்போது, அவை உணவருந்த வெளியே வருகின்றன.

காரணம் முற்றாகத் தெளியுமுன்பே, கையில் கிடைத்த கருவிகளோடு மனிதர் இம்மீனை எதிர்க்கத் தொடங்கினர். சுழியோடிகள் அதனைக் கொக்கியால் குத்தி எடுத்துக் கரையில் புதைத்தனர். வெட்டி எறிவது பயன்தரவில்லை. துண்டான மீன் மீண்டும் வளரக் கூடியது. பின்னர் நச்சு மருந்துகளை ஊசிமூலம் ஏற்றினர். சோடியம் இருசல்பேற்றைப் பயன்படுத்தியபோது ஒரு மீனின் உடலெங்கும் பல முறை குத்த வேண்டியிருந்தது. ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தினர் மாட்டுப் பித்த உப்பை ஒருமுறை ஏற்றினாலே மீன் மடியும் எனக் கண்டனர். சாதாரண வினாகிரியும் அவ்வாறே கொல்லும் என 2015இல் அறிவித்தனர். முள்முடி மீனைத் தானே கண்டு ஊசி ஏற்றும் நீர்மூழ்கிப் பொறியொன்றும் குயின்ஸ்லாந்தில் அமைக்கப்பட்டது. 2017இல் இம்மீனின் மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டு, அது தன் கூட்டத்தாரை அழைக்க நீரில் விடும் புரதங்கள் இனங்காணப்பட்டன. அவ்வழைப்பையே தூண்டிலாக்கி மீன்களை ஓரிடத்தில் திரட்டலாம் என்பது விஞ்ஞானிகளின் எதிர்பார்ப்பு.

இவ்வளவு முயற்சியும் ஒரு பிராணிக்கு எதிராக ஏன் என்ற வினா எழலாம். அவுஸ்திரேலியக் கடல் விஞ்ஞான நிலையத்தினர் 2012இல் வெளியிட்ட கணக்கு இதற்கு விடை பகர்கின்றது. 1985 முதல் 2012 வரையுள்ள 27 ஆண்டுகளில், பெருந்தடுப்புப் பாரில் உயிருள்ள முருகை போர்த்திருந்த பரப்பு நூற்றுக்கு 28இலிருந்து நூற்றுக்கு 13.8 ஆகக் குறைந்தது. அவ்விழப்பில் 48 வீதம் சூறாவளியாலும், 42 வீதம் முள்முடி மீனாலும், 10 வீதம் வெப்பத்தால் முருகை வெளிறியமையாலும் நேர்ந்தது எனக் கணிக்கப்பட்டது. சூறாவளியை மனிதன் நிறுத்த முடியாது. கடல் வெப்பத்தைத் தணிக்க உலக நாடுகள் யாவும் ஒன்றுபட வேண்டும். முள்முடி மீன் ஒன்றே அவ்விடத்திலேயே, அந்நாட்டாராலேயே கட்டுப்படுத்தக்கூடியது.

தாக்குண்ட பார் தன் முருகைப் போர்வையை மீளப் பெறப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் செல்லும். ஒரு பெருக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கழிந்ததும் ஏறத்தாழ அவ்வளவே. முன்னர் பாருக்கு மூச்சுவிட அந்த இடைவெளி இருந்தது. 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் அளவுமீறிச் சூடேறி, முருகைகள் பெருமளவில் வெளிறின. அவ்விடைவெளி இப்பொழுது பறிபோய்விட்டது. முருகையைக் கொல்லும் வெப்பத்தை முள்முடி மீனின் குஞ்சுகள் தாங்கிக்கொள்கின்றன என்பதும் 2023இல் தெரியவந்துள்ளது. இரு பகைவரும் இவ்வாறு கைகோத்து நிற்கையில், ஒருவனையாவது தடுத்து நிறுத்துதல் அறிவுடைமையாகும். உரிய காலத்தில் மீன்கள் அகற்றப்பட்ட பார்களில் முருகை நிலைத்து நின்று மீண்டும் வளர்ந்தமை பிற்கால ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது.

இச்செய்தி இலங்கைக்கும் அந்நியமானதன்று. 1970களின் தொடக்கத்தில் திருகோணமலைக் கடலின் பார்களிலும் முள்முடி மீன் கூட்டமாகக் காணப்பட்டது. இந்து சமுத்திரத்தின் வடபாகத்தில் வாழ்வது பசுபிக் சமுத்திரத்து மீனினின்றும் வேறான இனம் என்பதை மரபணு ஆய்வு 2008இல் காட்டியது. இனம் வேறாயினும் பழக்கம் ஒன்றே. சுண்ணாம்புக்காக முருகைக் கல்லை அகழ்ந்தெடுத்தலும் வெடிவைத்து மீன் பிடித்தலும் ஆற்று மண்ணும் ஏற்கெனவே நலிவித்த பாருக்கு இன்னொரு பகைவனைத் தாங்கும் வலு ஏது?

முள்முடி மீன் பாரிலே தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் குடியே. அதனைக் கொள்ளைக்காரனாக்குவது அதன் தொகை. அத்தொகையைப் பெருக்குவதில் நிலத்திலிருந்து வரும் உரத்துக்கும், வரம்பின்றி விரிக்கப்படும் வலைக்கும் பங்குண்டு. ஊசி ஏந்திய சுழியோடி பாருக்குச் சில ஆண்டுகளைத் தேடித் தருகின்றான். அவ்வாண்டுகளை வீணாக்காமல், ஆற்றங்கரை வயலில் இடும் உரத்தை அளந்து இடுவதும், விளைமீனையும் களவாயையும் கடலில் எஞ்சவிடுவதுமே நிலையான மருந்து. கடலின் நோய்க்கு மருந்தைக் கடலில் மாத்திரம் தேடுதல் போதாது. ஆறு தொடங்கும் மலைச்சாரலிலிருந்தே அதனைத் தேடவேண்டும் என்பதே இந்த அறுபது ஆண்டு ஆராய்ச்சி உணர்த்தும் பாடமாகும்.