பாதையின் உரிமையும் நம் வாகனங்களும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

 

வரவு செலவு அறிக்கை வாசித்து முடிந்ததும் கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்து செல்வது நம் வழக்கம். இன்று ஒருவரும் எழவில்லை. என் பேச்சைக் கேட்கும் ஆவல் அதற்குக் காரணம் அன்று என்பதை நான் அறிவேன். பள்ளிவாசல் தெருவை ஒருவழிப் பாதையாக்கி, இருமருங்கிலும் வாகனம் நிறுத்தத் தடை விதிக்கப் போகிறார்கள் என்ற செய்தியும், அதை எதிர்த்து நாம் கொடுக்கவிருக்கும் மனுவுமே உங்களை இங்கே அமர வைத்திருக்கின்றன.

அந்த மனுவின் முன்வரைவை நானும் படித்தேன். ‘காலங்காலமாக எங்களுக்குரிய இடத்தைப் பறிக்காதீர்கள்’ என்பது அதன் சாரம். அந்த வாசகத்தின் கீழ்க் கையொப்பமிட என்னால் இயலவில்லை. மனுவே வேண்டாம் என்பது என் கருத்தன்று. அதை வேறு விதமாக எழுத வேண்டும் என்பதற்காகவே இங்கு நிற்கிறேன்.

நம் பகுதி மாறிய வேகத்தை நீங்கள் கண்ணால் கண்டவர்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு 1996-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1998-இல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் ஆலை வந்தது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த சிற்றூர்களின் நடுவே வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் அகலப்படுத்தப்பட்டன. பெருஞ்சாலைகள் விரிந்தன, ஊருக்குள் இருக்கும் தெருக்கள் நம் பாட்டனார் காலத்து அகலத்திலேயே நின்றுவிட்டன. உலகம் முழுவதற்கும் கார் செய்து அனுப்பும் வட்டாரத்தில், நம் வாசலில் ஒரு காரை நிறுத்த இடமில்லை என்று நாம் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்!

நெடுஞ்சாலை ஓரத்தில் இரவு முழுவதும் நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பற்றி நம்மில் குறைகூறாதவர் எவரும் இலர். விளக்கும் இல்லாமல் நிற்கும் லாரியின் பின்புறம் இருசக்கர வாகனம் மோதிய செய்தியைக் கேட்கும்போதெல்லாம், ‘சாலை என்ன இவர்கள் வீட்டுச் சொத்தா?’ என்று கேட்கிறோம். அந்த லாரி ஓட்டுநருக்காவது ஒரு நியாயம் உண்டு. ஆலையின் வாயில் திறக்கும்வரை அவர் வேறெங்கு செல்வார்? நம் தெருவில் நிற்கும் கார்களுக்கு நாம் என்ன நியாயம் சொல்லப்போகிறோம்?

சென்ற ரமலானில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தராவீஹ் தொழுகை நடந்துகொண்டிருந்த நேரம். தெருக்கோடி வீட்டில் பெரியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி. 108 ஆம்புலன்ஸ் தெருமுனைவரை வந்து நின்றுவிட்டது. இருபுறமும் கார்கள். அவற்றுள் ஒன்று என்னுடையது. அவசரத்தில் சற்றுக் கோணலாக நிறுத்திவிட்டு முதல் ஸஃப்பைப் பிடிக்க ஓடியிருந்தேன். ஓட்டுநர் ஒலியெழுப்பியது பள்ளிக்குள் இருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. தொழுகைக்குத் தாமதமாக வந்த வடமாநில இளைஞர்கள் இருவர், ஆலைச் சீருடையோடு, அந்தப் பெரியவரை ஸ்ட்ரெச்சரில் தெருமுனைவரை தூக்கிச் சென்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், அவர் நலமடைந்து இன்று இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார். என்னிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை. அந்தக் கார் யாருடையது என்பது அவருக்குத் தெரியும்.

அதற்குப் பின்னரே, செயலாளர் அவர்களை அழைத்துக்கொண்டு அளவு நாடாவோடு தெருவில் இறங்கினேன். பள்ளியின் முகப்பில் தெருவின் அகலம் 20 அடி. ஒரு கார் நிற்க, சுவரோர இடைவெளியையும் சேர்த்து, 6 அடி போய்விடுகிறது. இருபுறமும் நின்றால் நடுவில் எஞ்சுவது 8 அடி. எவரேனும் காரின் கதவைத் திறந்தால் அதுவும் இல்லை. தீயணைப்பு வண்டி நுழையவே முடியாது.

பாதையின் அகலம் குறித்துத் தகராறு எழுந்தால் ஏழு முழம் விடவேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. முழத்திற்கு ஒன்றரை அடி என்று கொண்டால் ஏழு முழம் பத்தரை அடி ஆகிறது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் கூஃபா நகரம் அமைக்கப்பட்டபோது பெருவீதிகளுக்கு 40 முழமும், அடுத்தடுத்த வீதிகளுக்கு 30, 20 முழங்களும், சிறு சந்துகளுக்கு 7 முழமும் விடப்பட்டதாக வரலாற்றாசிரியர் தபரீ குறித்துள்ளார். ஒட்டகமும் கழுதையும் சுமை ஏற்றிச் சென்ற காலத்துச் சந்துக்கு விடப்பட்ட பத்தரை அடியைக்கூட நாம் விட்டுவைக்கவில்லை! அந்த அளவு அன்றைய தேவையை ஒட்டியது என்று அறிஞர்கள் விளக்கம் கூறுவதுண்டு. அதை ஹஜ்ரத் அவர்கள் முறைப்படி எடுத்துரைப்பார்கள். நான் தீர்ப்புச் சொல்லும் தகுதி உடையவன் அல்லன். ஆயினும் இன்றைய தேவை அன்றையதினும் குறைந்ததென்று எவரும் சொல்ல இயலாது. பாதையில் அமர்வோர் பாதைக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்றும், பிறருக்குத் துன்பம் தருவதைத் தவிர்ப்பது அவ்வுரிமைகளுள் ஒன்று என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் அறிவோம். மனிதர்கள் அமர்வதற்கே இத்தனை நிபந்தனை என்றால், ஃபஜ்ரிலிருந்து இஷாவரை அசையாமல் நிற்கும் நம் வாகனங்களுக்கு?

நாட்டின் சட்டமும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 122-இல், பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ தடையோ உண்டாகும் வகையில் வாகனத்தை நிறுத்தி வைப்பதைத் தடை செய்கிறது. தெருவோர இடம் எவருக்கும் பட்டா அன்று. 2006-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும், சாலைகள் வாகனங்களை நகர்த்துவதற்கல்ல, மக்களை நகர்த்துவதற்கே என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டது. ஜும்ஆவுக்கு வருவோரைப் பாருங்கள். பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்து ஆலைகளில் உழைக்கும் பிள்ளைகள் நடந்தே வருகிறார்கள். கார்களுக்கிடையே உடலை ஒடுக்கிக்கொண்டு நுழைகிறார்கள். அவர்களுக்காக நாம் இதுவரை ஒரு மனுவும் எழுதியதில்லை.

இவ்வளவு சொன்னதால் நிர்வாகம் செய்வதெல்லாம் சரி என்று நான் வாதிடுவதாகக் கருத வேண்டாம். மறுபக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளியின் முன்புறக் கடைகள் வக்ஃபுக் கடைகள். அவற்றின் வாடகையில்தான் மதரஸா நடக்கிறது. இமாம், மோதினார் ஆகியோரின் ஊதியமும் அதிலிருந்தே போகிறது. ஷிஃப்டு முடிந்து இருசக்கர வாகனத்தில் வருகிறவர் ஐந்து நிமிடம் நிற்க முடியாவிட்டால் அடுத்த ஊர்க் கடைக்குப் போய்விடுவார் என்று கடைக்காரர்கள் அஞ்சுவது வீணான அச்சமன்று.

இதே அச்சத்தைச் சென்னை தியாகராய நகர் வணிகர்களும் அடைந்தார்கள். பாண்டி பஜார் எனப்படும் தியாகராயர் சாலையில், சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் நடைபாதையை அகலப்படுத்தி வாகனப் பாதையைக் குறுக்கும் திட்டம் வந்தபோது, வண்டி நிறுத்த இடமில்லாவிட்டால் வாடிக்கையாளர் எப்படி வருவார் என்று கேட்டார்கள். 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு மக்கள் அங்கே உலாவுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன்; பெருநாள் துணி எடுக்கப் போகும் நம் குடும்பத்தாரும் கண்டிருப்பீர்கள். ஆனால் தணிகாசலம் சாலையில் 222 கார்களுக்கும் 513 இருசக்கர வாகனங்களுக்கும் இடமளிக்கும் பல அடுக்கு நிறுத்தகம் அதற்குப் பின்னர்தான் பயன்பாட்டுக்கு வந்தது. முதலில் இடம் குறைந்தது. மாற்று இடம் தாமதமாக வந்தது. இடைப்பட்ட காலத்தில் பக்கத்துத் தெருக்களில் வண்டிகளை நிறுத்திப் பழகியவர்களை மீண்டும் அழைப்பது எளிதாக இல்லை. நிறுத்தகம் முழுமையாக நிரம்பவில்லை என்று பிற்பாடு நாளிதழ்கள் எழுதின. வணிகர்களின் எதிர்ப்பு முழுவதும் தவறு என்றோ முழுவதும் சரி என்றோ என்னால் சொல்ல இயலவில்லை. ‘எது முதலில், எது பின்னர்’ என்ற கேள்வியை மட்டும் அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். நம் மனுவின் வலிமை அந்தக் கேள்வியில்தான் இருக்க முடியும்.

அதைக் கேட்கச் சட்டத்திலேயே இடமுண்டு. வாகனங்கள் நிற்பதற்குரிய இடங்களை அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பைக் கலந்து தீர்மானிக்கலாம் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 117. வாகனங்களின் பயன்பாட்டுக்கு ஒரு மாதத்திற்கு மேல் கட்டுப்பாடு விதிப்பதென்றால் அரசிதழில் அறிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 115. ஆகவே, நிறுத்தக் கூடாத இடத்தைச் சொல்வதோடு நிறுத்தக் கூடிய இடத்தையும் வரையறுத்துத் தாருங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதன்று.

இனி, என் கணக்கைச் சொல்கிறேன். 20 அடித் தெருவில் ஒருபுறம் மட்டும் வண்டிகள் நின்றால் 14 அடி மிஞ்சுகிறது. ஏழு முழத்திற்கும் மேல். ஆம்புலன்ஸ் போகும், தீயணைப்பு வண்டி போகும், தோள்கொடுப்போர் இருபுறமும் நடக்க ஜனாஸாவும் தடையின்றிப் போகும். சென்ற மாதம் ஒரு ஜனாஸாவின்போது சந்தூக்கைச் சுமந்தவர்கள் கார்களுக்கிடையே பக்கவாட்டில் திரும்பித் திரும்பிச் சென்றதை நீங்களும் பார்த்தீர்கள். அதைப் பற்றி அன்று ஒருவரும் பேசவில்லை. எனவே இருமருங்கும் தடை என்பதற்குப் பதிலாக ஒருமருங்கு மட்டும் என்றும், கடைகளின் முன்பு குறுகிய நேர நிறுத்தம் மட்டும் என்றும், சரக்கு இறக்கக் காலையில் ஒரு நேரம் என்றும் கேட்போம். கடைகளின் முன்னிடத்தைப் பகல் முழுவதும் அடைத்துக்கொண்டிருப்பவை வாடிக்கையாளரின் வண்டிகள் அல்ல. அவை நம்முடையவை. கடைக்காரருக்காக வாதாடுவதாகச் சொல்லிக்கொண்டு நம் கார்களைக் காப்பாற்றப் பார்ப்பது நேர்மையன்று.

ஜும்ஆ நேரத்திற்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் ஈத்கா மைதானம் ஐந்து நிமிட நடைத் தொலைவில், இரு பெருநாட்களைத் தவிர ஆண்டு முழுவதும் வெறுமையாகக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் அங்கே வண்டிகளை விடுவதற்கு மார்க்க ரீதியாகத் தடையுண்டா என்பதை ஹஜ்ரத் அவர்கள் தெளிவுபடுத்தட்டும். வக்ஃபு நிலம் என்பதால் எழுத்து மூலம் செய்யவேண்டியது என்ன என்பதை நிர்வாகம் வக்ஃபு வாரியத்திடம் கேட்டறியட்டும். கட்டணம் வசூலிக்கும் யோசனையை ஒரு சகோதரர் என்னிடம் சொன்னார். இப்போதைக்கு அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. நடக்க இயலாத முதியோரைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வண்டியை மைதானத்திற்குக் கொண்டுசெல்ல, வாலிபர் அணியினர் நால்வர் தாமாக முன்வந்திருக்கிறார்கள்.

நாம் மைதானத்தைத் திறந்துவிட்டு மனுவோடு செல்வதற்கும், திறக்காமல் செல்வதற்கும் வேறுபாடு உண்டு. அதிகாரி முதலில் கேட்கப்போகும் கேள்வி, ‘உங்களிடம் இடமே இல்லையா?’ என்பதுதான்.

திருத்திய மனுவை எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். பழைய வரைவும் அருகிலேயே இருக்கிறது. அஸர் தொழுகைக்குப் பின் இரண்டையும் படித்துப் பார்த்து, எதில் கையொப்பமிடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என் காரை நேற்று மாலையே ஈத்கா மைதானத்தின் வெளிச்சுவரோரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். நடந்து வர ஆறு நிமிடம் ஆயிற்று.