தூண்டிற் கயிறும் கடலின் குணமும்

பள்ளிக்கூட அதிபர் ஒருவர் தூண்டிற் கயிற்றைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் கடற்றொழிலாளியும் அல்லன்; பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவனும் அல்லன். கலைப்பட்டம் பெற்று, இலக்கியமும் வரலாறும் படிப்பித்து வந்தவன். ஆனால் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி வடமராட்சியின் கரையோரப் பாடசாலைகளிலே கழிந்தது. என்னிடம் படித்த பிள்ளைகளிற் பாதிப்பேர் கடலை நம்பி வாழும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். அப்பிள்ளைகளில் ஒருவனே இப்பேச்சுக்குக் காரணமானவன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தவணைப் பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு காலை, பத்தாந் தர மாணவன் ஒருவன் அரை மணி நேரம் பிந்தி வந்தான். கண்டிக்க வேண்டுமென்று அழைத்தேன். வலக்கையைச் சாரத்துண்டு ஒன்றினாற் கட்டியிருந்தான். துணி நனைந்து சிவந்திருந்தது. முதல்நாளிரவு தகப்பனுடன் வள்ளத்திற் போயிருக்கிறான். புதிதாக வாங்கிய பின்னற் கயிற்றைக் கைத்தூண்டிலாகப் போட்டு, வழுக்காமல் இருப்பதற்காகக் கையிலே இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறான். பெரிய பாரை ஒன்று இழுத்தது. கயிறு அறவில்லை, எழுதுகிற விரல்தான் எலும்புவரை அறுந்தது.

அவனை வைத்தியசாலைக்கு அனுப்பிய பின்னர், மாலையில் தகப்பனார் அந்தக் கயிற்றுச் சுருளுடன் என் அறைக்கு வந்தார். “ஐயா, இதிலே என்ன எழுதிக் கிடக்குது? எண்பது இறாத்தல் என்றதை மட்டும் பார்த்துத்தான் வாங்கினேன்” என்றார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். சுருளின் அடிப்பக்கத்திலே பொடி எழுத்தில், கயிற்றைக் கையிற் சுற்ற வேண்டாம் என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அந்த மாணவன் எங்கள் பாடசாலையிலே பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவன். ஒரு கயிற்றுச் சுருளின் எச்சரிக்கையை வாசிக்க அவனுக்கு நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை. அன்று நான் வெட்கப்பட்டேன். அதன் பின்னரே, அனுபவமுள்ள தொழிலாளரிடம் கேட்டும், கிடைத்த நூல்களை வாசித்தும் இப்பொருளைப் பற்றிச் சிறிது கற்றுக்கொண்டேன். அதையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முதலிலே, பின்னற் கயிறு என்பது யாது? நம் பாட்டன்மார் பருத்தி நூலையும் சணலையும் முறுக்கித் தூண்டிலுக்குப் பயன்படுத்தினர். அவை உப்புநீரில் உக்கிப்போகாதிருக்கப் பனிச்சங்காயின் சாற்றில் தோய்த்து உலர்த்தினர். 1935ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் உவாலஸ் கரோதர்ஸ் என்னும் இரசாயன அறிஞரும் அவருடன் பணிபுரிந்தோரும் நைலோனை ஆக்கினர். அதிலிருந்து வந்த ஒற்றையிழைக் கயிற்றையே நம் கரையில் தங்கூசி என்கிறோம். பின்னர் 1979இல் ஒல்லாந்து நாட்டிலே பவுல் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா என்னும் இருவர், கடைகளிற் பை செய்யப் பயன்படும் அதே பொலிஎதிலீன் இனத்திலிருந்து மிக வலிய நாரை இழுத்தெடுக்கும் வழியைக் கண்டனர். பையிலுள்ள மூலக்கூறுகள் குறுகியவை. ஒழுங்கின்றிச் சிக்குண்டு கிடப்பவை. இந்நாரிலோ அவை மிக நீண்டவை. வாரிவிட்ட கூந்தல்போல ஒரே திசையில் நேராகக் கிடப்பவை. இத்தகைய நார்களை நான்கு, எட்டு என்று புரிகளாக்கிப் பெண்பிள்ளைகளின் சடைபோலப் பின்னியதே இன்றைய பின்னற் கயிறு.

இதன் குணங்களை அறிந்தாற் பயன்பாடு தானே விளங்கும். இருபது இறாத்தல் தாங்கும் தங்கூசி ஏறத்தாழ 0.45 மில்லிமீற்றர் தடிப்புள்ளது. அதே பாரத்தைத் தாங்கும் பின்னற் கயிறு ஏறத்தாழ 0.23 மில்லிமீற்றர்தான். தடிப்புப் பாதியானால் குறுக்குவெட்டுப் பரப்புக் காற்பங்காகும் என்பதைக் கணிதம் படித்த பிள்ளைகள் அறிவார்கள். ஆகவே ஒரே றீலில் நான்கு மடங்கு நீளத்தைச் சுற்றலாம். நீரோட்டம் அதைத் தள்ளும் வலுவும் பாதியளவே. தங்கூசி இழுத்தால் நூற்றுக்குப் பதினைந்து, இருபது, சிலவேளை அதற்கு மேலும் நீளும். பின்னற் கயிறு நான்கு ஐந்துக்கு மேல் நீளாது. நைலோன் நீரை உறிஞ்சி நனைந்தபோது வலிமை குன்றும். பொலிஎதிலீன் நீரை உறிஞ்சாது. அது நீரினும் இலேசானது, ஆகையால் மிதக்கும். இவை நன்மைகளாகவும் அமையும், தீமைகளாகவும் அமையும். எது எவ்வாறு அமையும் என்பதை இடமும் காலமுமே தீர்மானிக்கும்.

யாழ்ப்பாணக் கடல்நீரேரியை எடுத்துக்கொள்வோம். ஆழங்குறைந்த நீர், அடியிலே சாதாளை மண்டிக் கிடக்கும். இங்கே தங்கூசி செடியிற் சிக்கினால் நீண்டு நீண்டு போகுமேயன்றி விடுபடாது. மெல்லிய பின்னற் கயிறோ செடியை அறுத்துக்கொண்டு வரும். பத்து முதல் இருபது இறாத்தல் போதுமானது. ஆனால் கோடையில் நீர் தெளிந்திருக்கும்போது ஒளி ஊடுருவாத பின்னற் கயிற்றை மீன் கண்டு விலகும். எனவே முள்ளுக்கு மேலே ஒன்றிரண்டு மீற்றர் நீளத்துக்குத் தங்கூசித் துண்டொன்றை இணைக்க வேண்டும். கலங்கிய மாரிகால நீரில் இதற்கு அவ்வளவு தேவையில்லை.

இனி, பருத்தித்துறைப் பக்கத்து முருகைக்கல் நிறைந்த கரை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எண்பது இறாத்தல் தாங்குகிற கயிறு கல்லிலும் எண்பது இறாத்தல் தாங்கும் என்று நினைக்கிறார்கள். நேராக இழுக்கும் வலிமை வேறு. உரசலைத் தாங்கும் திறன் வேறு. விறைப்பாக நிற்கும் மெல்லிய கயிறு கல்லின் விளிம்பிற் பட்டால், அதன் நுண்ணிய நார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து கணப்பொழுதில் துண்டாகிவிடும். அதே வலிமையுள்ள தங்கூசி தடித்திருப்பதால், மேற்பரப்புச் சிராய்ந்த பின்னரும் உள்ளே மிச்சமிருக்கும். ஆகவே கலவாய், பாரை முதலியன வாழும் பாரடியிலே போடுவோர், சற்றுத் தடித்த நாற்புரிப் பின்னலையே தெரிந்துகொள்ளல் நன்று. ஒரே வலிமையுள்ள எண்புரியிலும் பார்க்க நாற்புரியில் ஒவ்வொரு புரியும் தடிப்பானது. கல்லைத் தொடக்கூடிய கடைசிப் பகுதி முழுவதும் நல்ல தங்கூசியாக இருக்க வேண்டும். முழு நீளத்துக்கும் தங்கூசியையே வைத்திருக்கும் முதியவர்களும் உளர். அவர்களைப் பழமைவாதிகள் என்று நகைப்பது அறியாமை.

திருகோணமலைப் பக்கம் போனால் கடலின் குணம் மாறிவிடும். அங்கே கரைக்கு அணித்தாகவே ஆழம் விழுகிறது. நூறு மீற்றர் கீழே இரை கிடக்கும்போது, தடித்த தங்கூசி நீரோட்டத்தில் வில்லாக வளைந்துவிடும்; மீன் கடிப்பதும் கைக்குத் தெரியாது; முள்ளைச் சுண்டினாலும் அந்தச் சுண்டல் கயிற்றின் நீட்சியிலேயே மாய்ந்துவிடும். இங்கே பின்னற் கயிற்றுக்கு நிகரில்லை. மெல்லியதாகையால் குறைந்த ஈயத்துடன் நேராக இறங்கும். நீளாமையால் சிறு கொத்தலும் விரலுக்குத் தெரியும். எண்புரிப் பின்னல் உருண்டு வழுவழுப்பாக இருப்பதால் தடியின் வளையங்களில் ஓசையின்றி ஓடும். பத்து மீற்றருக்கு ஒரு நிறம் மாறும் கயிறுகளும் உண்டு. எவ்வளவு ஆழத்தில் மீன் கடித்தது என்பதை நிறத்தை எண்ணி அறிந்து, அடுத்த முறையும் அங்கேயே இரையை நிறுத்தலாம்.

காற்றையும் மறந்துவிடலாகாது. சோளகம் வீசுங் காலத்திற் கரையிலிருந்து தூண்டில் வீசுவோர்க்குப் பின்னற் கயிறு சில தொல்லைகளைத் தரும். இலேசானதும் துவள்வதுமான கயிறு காற்றிலே வளைந்து, தளர்ந்த சுற்றுக்களாக றீலிற் படிந்து, அடுத்த வீச்சில் ஒரே கட்டியாகச் சிக்கி வெளிவரும். மிக மெல்லிய கயிற்றைத் தவிர்த்து ஒரு படி தடித்ததைத் தெரிதல், றீலை விளிம்புவரை நிரப்பாது விடுதல், ஒவ்வொரு வீச்சின் பின்னரும் கயிற்றை விரல்களுக்கிடையே இறுக்கிப் பிடித்துச் சுற்றுதல் ஆகிய மூன்றும் இத்தொல்லையைப் பெரிதும் குறைக்கும்.

சீலா, அறுக்குளா போன்ற பல்லுள்ள மீன்களுக்கு எந்தப் பின்னலும் ஈடுகொடாது. முள்ளருகே உருக்குக் கம்பித் துண்டு வேண்டும். ஓடும் படகின் பின்னே இரையை இழுத்துச் செல்லும்போது, வேகமாக வந்து கவ்வும் மீனின் அதிர்ச்சியைத் தாங்க நீளுந்தன்மை வேண்டியிருப்பதால் தங்கூசி நல்லது. பின்னற் கயிற்றையே பயன்படுத்துவதாயின் றீலின் இறுக்கத்தைத் தளர்த்தி வைத்தல் வேண்டும். இன்றேல் முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வரும், அல்லது தடி முறியும்.

முடிச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நார் வழுவழுப்பானது. தங்கூசிக்குப் போடுகிற சாதாரண முடிச்சு இதில் மெல்ல நழுவி அவிழ்ந்துவிடும். கயிற்றை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணுக்குள் விட்டு, தளர்வாக ஒரு முடிச்சிட்டு, எஞ்சிய வளையத்துக்குள்ளே முள் முழுவதையும் நுழைத்து இறுக்கும் முடிச்சு நம்பத்தக்கது. இறுக்குமுன் உமிழ்நீராலேனும் நனைத்தல் வேண்டும். இந்நார் ஏறத்தாழ 145 பாகை செல்சியசில் உருகுவது. உலர்ந்த கயிறு தன்மீதே உராயும் வெப்பத்திற்கூட அதன் வலிமை குன்றும்.

விலையோ அதிகம். ஆனால் றீல் முழுவதையும் அதனால் நிரப்பவேண்டியதில்லை. அடியிலே மலிவான தங்கூசியைச் சுற்றி, மேலே நூற்றைம்பது மீற்றர் பின்னலைச் சுற்றினால் கரையோரத் தேவைக்குப் போதும். அடியிலுள்ள தங்கூசி, பின்னல் றீலின் மேல் வழுக்கிச் சுழலாமலும் தடுக்கும். நுனி தேய்ந்ததும் கயிற்றைத் தலைகீழாக மாற்றிச் சுற்றினால் பயன்படாத பாதி மேலே வரும். நிறம் வெளிறுவது பழுதின் அடையாளமன்று. நார் பிரிந்து பஞ்சுபோலத் தோன்றினால் அந்தப் பகுதியை வெட்டிவிட வேண்டும். வெட்டியதைக் கடலிலே வீசலாகாது. பருத்தி உக்கிப்போகும், இது மிகப் பல காலம் உக்காது கிடந்து, கடலாமையின் கழுத்திலும் கடற்பறவையின் காலிலும் சுற்றிக்கொள்ளும். கரைக்குக் கொண்டுவந்து, சிறு துண்டுகளாக்கிக் குப்பையிற் சேர்ப்பதே முறை.

இறுதியாக, முதலிற் சொன்னதற்கே மீள்கிறேன். எண்பது இறாத்தல் தாங்கும் பின்னற் கயிறு அரை மில்லிமீற்றர்கூடத் தடிப்பற்றது. அத்தனை பாரமும் அவ்வளவு சிறிய அகலத்தில் தசையை அழுத்தும்போது அது கயிறன்று, கத்தி. வெறுங்கையால் இழுக்கும் கைத்தூண்டிலுக்குத் தடித்த தங்கூசியே உகந்தது. பின்னற் கயிறு கல்லில் மாட்டிக்கொண்டால், ஒரு மரக்கட்டையிலே சுற்றி இழுங்கள். எக்காரணங்கொண்டும் கையிலோ விரலிலோ சுற்றாதீர்கள். பிள்ளைகளைச் சுற்றவும் விடாதீர்கள்.

அந்த மாணவனின் விரல் ஆறியது; ஆனால் முன்போல மடங்கவில்லை. நடுவிரலுக்கும் பெருவிரலுக்கும் இடையே பேனாவைப் பிடித்து எழுதப் பழகி, மறு ஆண்டு பொதுப் பரீட்சைக்குத் தோற்றினான். இன்று தகப்பனாரின் வள்ளத்தை அவனே கொண்டு போகிறான். அவன் கொண்டுவந்து தந்த வெற்றுச் சுருள்கள் எங்கள் ஆங்கில வகுப்பறையின் அலுமாரியில் இருக்கின்றன. ஒவ்வோராண்டும் ஒன்பதாந் தரத்துப் பிள்ளைகள் அவற்றின் எழுத்துக்களை உரக்க வாசித்து, தமிழிலே பொருள் எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தகப்பன்மாருக்குப் படித்துக் காட்டுகிறார்கள். பாடத்திட்டத்தில் இது இல்லை. இருந்தும் இதனை நான் நிறுத்தப்போவதில்லை.