எரிமலை அடிவாரத்தில் ஒரு நாள்

(மாதர் சங்கத் தலைவிகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜப்பானுக்குப் போனாயே, என்ன பார்த்தாய் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ஒரே ஒரு நாள் பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். நமக்கு வேண்டிய விஷயம் அதில் இருக்கிறது.

நாகசாகியில் நான் தங்கியது ஒரு போதகர் வீட்டில். ஒரு சனிக்கிழமை போதகர், அவர் மனைவி, பாடசாலை போகும் மகன், வயதான தாயார் எல்லோருமாக என்னை உன்சென் மலைக்குக் கூட்டிப்போனார்கள். வளைந்து வளைந்து ஏறும் பாதை, குளிர், பனிமூட்டம். நம்ம ஊர் மாதிரியே இருந்தது.

மேலே ஓரிடத்தில் பாறை இடுக்கெல்லாம் ஆவி புகைகிறது. கந்தக வாடை. அந்த இடத்துக்குப் பெயரே 'நரகம்'. 1627 முதல் சில ஆண்டுகள், மதத்தை விட மறுத்த கிறிஸ்தவர்களை அந்தக் கொதிநீரில்தான் வதைத்தார்கள். அங்குள்ள சிலுவைக்கு முன்னால் குடும்பமே தலைகுனிந்து நின்றது. பிறகு அந்த ஆவியில் அவித்த முட்டையைப் பாட்டி உரித்து என் கையில் வைத்தார்.

கேபிள் காரில் இன்னும் மேலே போனோம். எதிரே ஒரு கற்குவியல் மலை. உயரம் 1,483 மீட்டர். நுவரெலியா நகரைவிடக் குறைவுதான். ஆனால் 1990க்கு முன்னால் அந்தச் சிகரமே கிடையாது. 198 வருஷம் தூங்கிய எரிமலை அந்த ஆண்டு நவம்பரில் விழித்தது. உள்ளிருந்து தள்ளிய பாறைக் குழம்பு குவிந்து குவிந்து மலையாகிவிட்டது. குவியல் சரியும் போதெல்லாம் நெருப்புப் புகையும் கல்லும் அடிவாரத்துக்குப் பாய்ந்தன.

1991 ஜூன் 3ஆம் திகதி அப்படிப் பாய்ந்ததில் 43 பேர் இறந்தார்கள். அங்கிருந்து விலகச் சொல்லி முன்பே அறிவித்திருந்தார்கள். அப்படியிருந்தும் படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர்கள் போனார்கள். அவர்களைக் கொண்டுபோன டக்ஸி சாரதிமார் காத்திருந்தார்கள். ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களும் பொலிஸ்காரர்களும் காவலுக்கு நின்றார்கள். மூன்று எரிமலை ஆய்வாளர்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் வேலை என்று போனவர்கள்.

நான்கு நாள் கழித்துச் சட்டப்படி அந்தப் பகுதியை மூடினார்கள். ஆயிரக்கணக்கானோர் முதலில் பாடசாலை மண்டபங்களிலும், பிறகு தற்காலிக வீடுகளிலும் தங்கினார்கள். செப்டெம்பர் 15ஆம் திகதி இன்னொரு பெரிய பாய்ச்சல் ஒரு பாடசாலையையே எரித்தது. உள்ளே ஒரு பிள்ளையும் இல்லை. அந்தக் கட்டடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். வளைந்துபோன ஜன்னல் கம்பிகளை நான் பார்த்தேன். 1993இல் வீட்டைப் பார்த்து வரலாம் என்று போன ஒருவர் மட்டும் திரும்பவில்லை.

"சனங்கள் சொன்னதைக் கேட்டுப் போனார்களா?" என்று போதகரிடம் கேட்டேன். "போவதற்கு ஓரிடம் இருந்தது, போனார்கள்" என்றார்.

சகோதரிகளே, அந்தப் பதில் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. நமக்கு எரிமலை இல்லை, மண்சரிவு இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை வந்தது, போவதற்கு இடம் வரவில்லை. இன்றும் மழைக்குப் பாடசாலையிலோ கோவிலிலோ இரண்டு நாள் இருந்துவிட்டு, பேர் போய்விடும் என்று அதே லயத்துக்குத்தானே திரும்புகிறோம்?

ஆகவே இரண்டு காரியம். சுவரிலோ நிலத்திலோ புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று ஊறும் கலங்கல் தண்ணீர், இதில் எதைக் கண்டாலும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். பொருளை எடுக்கத் திரும்பாதீர்கள். இரண்டாவது, ஆபத்து என்று அறிவித்த ஒவ்வொரு லயத்துக்கும் பாதுகாப்பான காணியும் வீடும், வெளியேறியிருக்கும் நாட்களுக்குப் பேரும் வேண்டும் என்று கமிட்டி மூலம் எழுத்தில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வாங்குங்கள்.

போகச் சொல்கிறவர்கள், எங்கே போவது என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வைப்பதுதான் சங்கத்தின் வேலை.