கருவிக்கு முன்னால் கேள்வி



"நோயைக் கண்டுபிடிப்பது கருவிதான். அரியலூருக்கு 2022-லேயே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, இனி என்ன கவலை?" என்றார் எதிரணி நண்பர். வந்ததில் சந்தோஷம். ஆனா, எதைத் தேடணும்னு அந்தக் கருவிகிட்ட யாருங்க சொல்றது?

எங்க பக்கம் இருமலுக்குக் காரணம் தயாரா இருக்கும். அரியலூர்க்காரர் இருமினா சிமெண்ட் தூசி. பெரம்பலூர்க்காரர் இருமினா மக்காச்சோளத் தூசி. எங்க மாமா பெரம்பலூர்ல மக்காச்சோளம் போடுறவர். பொண்ணைக் குடுத்தது அரியலூர்ல. அவருக்கு ரெண்டு தூசியும் சொந்தம்! (சிரிப்பு)

2023-ல் அவருக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல், இருமல். ஊசி போட்டார், மாத்திரை மாற்றினார். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. டி.பி.யாக இருக்கும் என்றார்கள். சளியை இரண்டு தடவை பார்த்தும் கிருமி இல்லை. ஒருநாள் சளியோடு ரத்தம் வந்தது. அத்தை அழுதுக்கிட்டே போன் பண்ணினாங்க.

திருச்சிக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, எக்ஸ்ரேயைக் கையில் வாங்கும் முன்னாடியே கேட்டாங்க: "ஐயா, சர்க்கரை இருக்கா?"

"லேசா இருக்கும்மா."

சோதித்தால் 430! அது லேசாம்! (சிரிப்பு) மாத்திரையை நிறுத்தி எட்டு மாசமாச்சுன்னு அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

அந்த ஒரு கேள்விதான் வழியைத் திருப்பியது, நடுவர் அவர்களே. 2021-ல் கருப்புப் பூஞ்சைன்னு நடுங்கினோமே! வந்தால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய் என்று அந்த மே மாதம் தமிழக அரசு அறிவித்ததே, அதே பூஞ்சை. உண்மையில் பூஞ்சை கருப்பில்லை; அது ரத்தக்குழாயை அடைக்க, செத்துப்போகிற சதைதான் கருப்பு. அப்போ எல்லாரும் மூக்கையும் கண்ணையும் பார்த்தோம். நுரையீரல்ல போய் உட்கார்ந்தா வெளியே என்னங்க தெரியும்? மண்ணிலும் மக்கின இலையிலும் இருக்கிற பூஞ்சை, எல்லாரும்தான் சுவாசிக்கிறோம். சர்க்கரை எகிறினவர் உடம்புக்குத்தான் அதை எதிர்க்கத் தெம்பில்லாமல் போகுது.

ரத்தப் பரிசோதனை இல்லையா என்பார்கள். பூஞ்சைக்கு வழக்கமாகச் செய்யும் கலாக்டோமன்னன், பீட்டா குளுக்கன் இரண்டு சோதனையும் இதைக் காட்டாது! சி.டி. ஸ்கேன் எடுத்து, குழாய் விட்டு, நுரையீரல் சதையைத் துளி கிள்ளி எடுத்தாங்க. கூடவே போன சீட்டில் டாக்டரம்மா கைப்பட எழுதினாங்க: "சர்க்கரை நோயாளி. மியூக்கர் பூஞ்சை சந்தேகம்."

அந்த வரி எதுக்கு? மற்ற கிருமிக்குச் செய்கிற மாதிரி சதையை அரைத்துவிட்டால் இந்தப் பூஞ்சையின் இழை நொறுங்கிப்போகும். வளர்த்துப் பார்த்தால் ஒண்ணும் முளைக்காது. பொடியா நறுக்கணும். சீட்டு சொன்னது, நறுக்கினாங்க. மைக்ராஸ்கோப்பில் அகல நாடா மாதிரி இழை தெரிந்தது. (கைதட்டல்)

ஆம்போடெரிசின் பி சொட்டுச் சொட்டாக ஏறியது, சிறுநீரகத்தைச் சோதித்துக்கொண்டே. நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். மாமா பிழைத்தார். இப்போ யார் கேட்டாலும் "லேசா"ன்னு சொல்றதில்லை, நம்பரைச் சொல்றார்.

மணி அடிச்சுட்டாங்க. நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.