கருணையாய் வந்த விடுமுறை
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரட்டுக் களத்தில் பேர் கொடுப்பவர்களும், அந்தப் பேரைச் செக்ரோலில் எழுதும் கிராணிமாரும் இன்று ஒரே கொட்டகையில் கூடியிருக்கிறோம். நாம் பேச வந்தது விடுமுறையைப் பற்றி.

2021ஆம் ஆண்டு தைப்பூசம் ஜனவரி 28இல் வந்தது. கெடா மாநிலத்தில் அதற்கு முந்திய ஆண்டுகளில் அந்த நாளுக்குச் சிறப்பு விடுமுறை கிடைத்து வந்தது. அரசாங்க ஊழியர்கள் அதை நம்பியிருந்தார்கள். பூசத்துக்குச் சில நாட்களே இருக்கையில், இவ்வாண்டு விடுமுறை இல்லை என்று மந்திரி பெசார் அறிவித்தார். கொரோனா நோய்க்காக நடமாட்டக் கட்டுப்பாடு இருக்கிறது, ஊர்வலம் இல்லை, ஆகவே விடுமுறையும் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். காவடிக்குத் தடை இருக்கலாம். வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடவும் ஒரு நாள் வேண்டாமா? கண்டனங்கள் எழுந்தன. நாளோ பறிபோயிற்று.

அது ஏன் அவ்வளவு சுலபமாக நடந்தது? பினாங்கு, பேராக், சிலாங்கூர் போன்ற மாநிலங்களில் தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலில் ஏறிய நாள். கெடாவில் அன்று அது ஆண்டுதோறும் அறிவித்துக் கொடுத்த நாள். கொடுக்கிற கை மடங்கினால், ஏட்டைக் காட்டிக் கேட்க எழுத்து இல்லை. கருணையாய் வந்தது கருணையோடே போய்விடும். உரிமையாய் வந்தது அப்படிப் போகாது.

அரசாங்க உத்தியோகஸ்தர் பாடு நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். நமக்கு எழுத்தில் இருப்பது என்ன? தீபகற்பத்தில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இருக்கிறது. சம்பளத்தோடு 10 நாளாக இருந்த பொது விடுமுறை 2012இல் 11 நாளாயிற்று. தேசிய தினம், பேரரசர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய ஐந்தில் யாரும் கை வைக்க முடியாது. மற்ற ஆறு எவை என்று ஆண்டு பிறக்குமுன் நிர்வாகம் பலகையில் ஒட்ட வேண்டும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஒரு நாளுக்குப் பதில் வேறு நாளை வைத்துக்கொள்ளலாம். விடுமுறையில் மரம் வெட்டச் சொன்னால், பால் எடைக்குக் கூலி பெறுவோருக்கு விடுமுறைச் சம்பளம் போக, அன்றைய பாலுக்கு இரட்டை வீதம் உண்டு.

ஒன்று மறவாதீர்கள். விடுமுறைக்கு முன்தின வேலைக்கோ மறுதின வேலைக்கோ அனுமதியின்றி, தகுந்த காரணமின்றி வராமல் நின்றால் அந்தச் சம்பளம் போய்விடும். செக்ரோலில் அந்தக் கோட்டைப் போடுவது கிராணிமாராகிய எங்கள் கை. போடும்போது மனம் நோகிறது. ஆகவே முன்கூட்டியே சொல்கிறோம்.

டிசம்பர் மாதம் பலகையைப் பாருங்கள். தீபாவளி இருக்கிறதா? தைப்பூசம் இருக்கிறதா? இல்லையென்றால் தனியாகப் போய்க் கெஞ்ச வேண்டாம். கிளைச் செயலவையிடம் சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பாமல், கையெழுத்தோடு திரும்புவோம்.

ஒற்றுமையே நம் பலம்.