எந்த வைரம் நாம்?

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



விழாவுக்கு விழா நம்மை "இரத்தினபுரியின் வைரங்கள்" என்று யாராவது வாழ்த்துவார்கள். நாமும் கைதட்டுவோம். ஆனால் நிவித்திகல பகுதியில் மாணிக்கக் குழிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு உண்மை தெரியும். இல்லத்தைக் கூடையில் அள்ளி அரித்தால் நீலம் வரும், புஷ்பராகம் வரும், வைடூரியமும் வரும், வைரம் வராது. "மாத்தறை வைரம்" என்று பேர் பெற்றதுகூட நிறமற்ற சிர்க்கோன் கல்தான்.

அப்படியானால் நாம் எந்த வைரம்?

தமிழில் வைரம் ஒன்றல்ல. நவரத்தினத்தில் ஒன்று வைரம். ஆறாத பகையும் வைரம். 1897இல் விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்து 60 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடியது வைர விழா. இவை தவிர, நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வைரம் ஒன்று உண்டு: மரத்தின் வைரம்.

பலா மரத்தை அறுத்தால் ஓரத்தில் வெளிறிய மென்மரம், நடுவே மஞ்சள் வைரம். வேரிலிருந்து நீரை மேலே ஏற்றுவது வெளிமரம். அது வயதாகி, நீரோட்டம் நின்று, பிசின் ஊறி இறுகும்போது வைரமாகிறது. மரத்தைத் தாங்கி நிறுத்துவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் வெளியே தெரியாது.

இந்த மலரில் வைத்தியர்கள், ஆசிரியைகள், அதிகாரிகள் என்று பலருடைய படங்கள் உள்ளன. பெருமைதான். ஆனால் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து, எட்டாம் வகுப்போடு நின்று, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய அக்காமார் எங்கே? தங்கச்சியைப் படிக்க வைக்கத் தன் படிப்பை விட்டவர்கள் எங்கே? "நாங்க பாதியில நின்னவங்க, சங்கத்துக்கு எப்படி வாறது?" என்று அவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். நாமும் போய்க் கூப்பிடவில்லை. அது நம் குறை.

ஒரு நாள் படித்தவளும் இந்தப் பள்ளியின் பழைய மாணவிதான். நூற்றாண்டின் பேரால் ஒரு வேலையை ஏற்போம்: ஒவ்வொருவரும் அப்படி ஒரு தோழியைத் தேடிப் போய், அடுத்த கூட்டத்துக்குக் கையோடு அழைத்து வருவோம். நம்மைத் தாங்கிய வைரம் அவர்கள்.