இஸ்தோப்புச் சாடிகளுக்குச் சொட்டுத் தண்ணீர்

(தோட்டத்து மாதர் குழுக் கூட்டமொன்றில் எமது குழுவினர் ஆற்றிய உரை)

ஒரு வாளி, ஒரு மெல்லிய குழாய், ஒரு ஆணி. இன்றைக்கு நாங்கள் பேச வந்தது இவற்றைப் பற்றித்தான். சின்ன விஷயந்தானே என்று நினைத்துவிட வேண்டாம். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் நமது நாட்டில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை, அதற்கு முந்திய வருஷத்தோடு பார்த்தால், ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. இஸ்தோப்பில் நாலு மிளகாய்ச் செடி இருந்தால் எவ்வளவு ஆறுதல் என்பதை அந்த வருஷம் நம் எல்லோருக்கும் காட்டியது.

ஆனால், ஆசையாகச் சாடியில் செடி வைக்கிறவர்கள் பலர் நடுவிலே விட்டுவிடுகிறார்கள். காரணம் தண்ணீர். இஸ்தோப்புக்கு மேலே தகரக் கூரை. வெளியே அடைமழை பெய்தாலும் சாடிக்குள் ஒரு சொட்டு விழாது. வெயில் காலம் வந்தால் பீலியிலும் தண்ணீர் நூல் மாதிரி ஒழுகும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரையும், பதுளை, பசறைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் இந்தக் கஷ்டம். பெரட்டுக்குப் போக முன்னே வரிசையில் நின்று குடம் சுமப்பது யார்? அம்மாவும் பெரிய மகளும்தான். அப்படிச் சுமந்து வந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றும்போது பாதி வீணாகப் போனால் மனசு பொறுக்குமா?

வீணாகத்தான் போகிறது. காய்ந்த சாடியில் செம்பாலே தண்ணீரைக் கொட்டினால், மண் அதைக் குடிப்பதற்கு முன்னே ஓரத்தால் இறங்கி, அடி ஓட்டையால் ஓடிவிடும். கூட்டெருவின் சத்தையும் கழுவிக்கொண்டு போகும். அதே தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மண் உறிஞ்சிக்கொள்ளும். இதை ஒரு பெரிய விவசாய முறையாக்கியவர் இஸ்ரேல் நாட்டு நீர்ப் பொறியியலாளர் சிம்ஹா பிளாஸ். 1965இல் ஹட்செரிம் என்ற கூட்டுப்பண்ணையில் அதற்கான தொழிற்சாலை தொடங்கியது. அவர்கள் வயலுக்குச் செய்ததை நாம் இஸ்தோப்புக்குச் செய்யலாம்.

செய்முறையைக் கேளுங்கள். மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற மெல்லிய குழாய் டவுன் கடைகளில் கிடைக்கும். சாடிக்கு ஒரு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். துண்டுகள் ஒரே நீளமாக இருப்பது நல்லது. ஆணியைக் குறடால் பிடித்துச் சூடாக்கி, பழைய பிளாஸ்டிக் வாளியின் பக்கத்தில், அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே, சாடிக்கு ஒன்றாகத் துளை போடுங்கள். பிளாஸ்டிக் புகை கூடாது. இந்த வேலையை வெளியிலே செய்யுங்கள். துளை குழாயை விடக் கொஞ்சம் சிறிதாக இருக்க வேண்டும். குழாயின் நுனியைச் சரிவாக வெட்டி, துளைக்குள் இழுத்துவிட்டால் இறுக்கமாக நிற்கும், ஒழுகாது.

வாளியைச் சாடிகளுக்கு மேலே இரண்டு அடி உயரத்தில் பலகையிலோ கல்லிலோ வையுங்கள். ஒவ்வொரு குழாயிலும் ஒரு முடிச்சுப் போடுங்கள். முடிச்சை இறுக்கினால் சொட்டுக் குறையும், தளர்த்தினால் கூடும். குழாய் நுனிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். தாழ்ந்திருக்கிற சாடிக்குத்தான் அதிகம் போகும். நுனியைச் செடியின் தண்டுக்கு இரண்டு அங்குலம் தள்ளி வைத்து, ஈர்க்கை வளைத்துக் குத்திவிடுங்கள். மண்ணுக்கு மேலே காய்ந்த மானாப்புல் பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது.

இனிக் கணக்கு. ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லிலீற்றர். செக்கனுக்கு ஒரு சொட்டு விழுந்தால் மணித்தியாலத்துக்கு 180 மில்லிலீற்றர். மிளகாய், தக்காளி உள்ள பெரிய சாடிக்கு வெயில் நாளில் அரை லீற்றர் என்று வைத்தால், மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். ஆறு சாடிக்கு 3 லீற்றர். அந்த 3 லீற்றரை மட்டும் காலையில் அளந்து ஊற்றிவிட்டு மலைக்குப் போங்கள். தண்ணீர் முடிந்ததும் தானாக நிற்கும். திறக்க, மூட ஆள் தேவையில்லை.

பின்னேரம் வந்து மண்ணில் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மறுநாள் குறையுங்கள். குளிர் நாளில் ஊற்றவே தேவையில்லாமலும் இருக்கும். தண்ணீர் கூடினாலும் வேர் அழுகும்.

நாலு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது, புல் மருந்து, கிருமிநாசினி வந்த கேனைக் கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள். அந்த நஞ்சு பிள்ளைகள் சாப்பிடுகிற காயில் வந்து சேரக் கூடாது.

இரண்டாவது, ஆஸ்பத்திரியில் பாவித்துக் கழித்த சேலைன் குழாயைத் தொடவே வேண்டாம். அதிலே நோய்க்கிருமி இருக்கலாம்.

மூன்றாவது, வாளியை மூடி வையுங்கள். பின்னேரம் மிச்சத்தைச் சாடியில் ஊற்றிவிட்டு, வாளியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பாகப் பறக்கும். சாடிக்கு அடியில் வைக்கிற தட்டிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

நாலாவது, பீலித் தண்ணீரைப் பழைய சேலைத் துணியில் வடித்து ஊற்றுங்கள். தூசி அடைத்தால் குழாயை வாயால் ஊதாமல், தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அரிசி கழுவின தண்ணீரும் குழாயை அடைக்கும்; அதை நேரே சாடிக்கு ஊற்றலாம்.

எதை நடுவது? வெயில் படுகிற ஓரத்தில் மிளகாய், தக்காளி, கத்தரி. குளிர் கூடின மேல் தோட்டங்களில் லீக்ஸ், கொத்தமல்லி, புதினா நல்லா வரும்.

முதலிலேயே பத்துச் சாடிக்குப் போக வேண்டாம். இரண்டு சாடியில் செஞ்சு பாருங்க. முடிச்சைச் சரிபார்க்கிற வேலையை மகளிடம் மட்டும் விடாமல் மகனிடமும் கொடுங்கள். தண்ணீர்க் குடத்திலும் அவன் ஒன்றைத் தூக்கட்டும். பெண்களின் தோளில் ஒரு நடை குறைந்தால், அதுவும் இந்த வாளி தருகிற இலாபந்தான்.